பதினோரு கடைக்கு ஒரே சாவி

எங்கள் வளாகத்தில் எல்லோரும் அவனை ‘சர்வர்’ என்றுதான் கூப்பிடுவோம். வாயைத் திறந்தால் சர்வர் டவுன், சர்வர் ஸ்லோ, சர்வர்ல ஏதோ லோடு என்பான். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். அவன் மாமியாரிடம் யாரோ, மருமகன் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் பெருமையாக ‘சர்வர் வேலை’ என்றிருக்கிறார். ‘எந்த ஹோட்டல்ல?’ என்று அடுத்த கேள்வி வந்ததாம். இதை அவனே எங்களிடம் சொல்லிச் சிரித்தான். அவன் தன்னைப் பற்றிச் சொன்னவற்றில் முழு உண்மையாக இருந்தது அநேகமாக இது ஒன்றுதான்.

‘அவர்’ என்று எழுதித்தான் ஆரம்பித்தேன். இரண்டு வரிக்கு மேல் கை போகவில்லை. அதனால் அவன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மூன்று மாடி வளாகத்தில் தரைத்தளம், மாடிப்படிக்குப் பக்கத்துக் கடை. எனக்கு நேர் மேலே ரத்தப் பரிசோதனை லேப். அதற்கும் மேலே, பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் ஒரு அம்மாளின் பட்டறை. அவரை வளாகம் முழுக்கப் பல்செட் அக்கா என்போம். மற்றபடி கூரியர், ஜெராக்ஸ், டிராவல்ஸ் என்று கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். பதினோரு கடைக் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொண்டவன் சர்வர்.

அவன் எங்களிடம் வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் என் பிரிண்டர் காகிதத்தை மென்று துப்பிக்கொண்டிருந்தது. எதிர்ச் சாரியில் செல்ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தவன் ஓடி வந்தான். மூடியைத் திறந்தான், டார்ச் அடித்தான், உள்ளேயிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து மேசையில் வைத்தான். பிரிண்டர் ஓடியது. தான் மூன்று மாதம் ஹார்டுவேர் கோர்ஸ் படித்தவன் என்றும், இந்த ஊரில் தன் திறமைக்கு மரியாதை இல்லை என்றும் சொன்னான். ஒரு ஹேர்பின்னை எடுத்துக் கொடுத்ததற்காக, ஒன்பது வருஷக் கடையை அவன் கையில் தூக்கிக் கொடுத்தேன். என்னைப் பார்த்து லேப்காரர் கொடுத்தார். லேப்காரரைப் பார்த்து மற்றவர்கள் கொடுத்தார்கள். ஒருவர்கூட அவனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு ஃபிரேம் வாங்க வருகிறவர்கள் என்னிடம் நாற்பது கேள்வி கேட்பார்கள்.

அவன் வேலை செய்கிற அழகு தனி. தோளில் ஒரு கறுப்புப் பை, அதில் நாலைந்து திருப்புளி, தூசி ஊத ஒரு பழைய ஹேர் டிரையர். எந்தக் கோளாறானாலும் முதலில் மெஷினை அணைத்துப் போடுவான். பாதிக் கோளாறு அதிலேயே சரியாகிவிடும். சரியானதும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ‘உள்ள கெர்னல் அடி வாங்கியிருந்துது சார், தூக்கி நிறுத்திட்டேன்’ என்பான். நாங்களும் தலையை ஆட்டுவோம். கெர்னல் என்றால் யாரோ ராணுவத்து ஆள் என்று கூரியர்க்காரர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

பதினோரு கடைக்கும் அவன் வைத்தது ஒரே பாஸ்வேர்டு. அது அவன் பைக் நம்பர். அந்த பைக் தினமும் வளாகத்து வாசலில்தான் நிற்கும். அப்டேட் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தான். அதைப் போட்டால் மெஷின் மந்தமாகிவிடும் என்றான். ஆன்டிவைரஸ் என்று ஒன்றைப் போட்டான். மூலையில் பச்சை டிக் ஒன்று எப்போதும் தெரியும். அது திருட்டுப் பிரதி என்பதும், அந்த டிக்கைத் தவிர அதில் வேறெதுவும் வேலை செய்யவில்லை என்பதும் பின்னால்தான் தெரிந்தது. வீட்டிலிருந்தபடியே எங்கள் மெஷினுக்குள் நுழைந்து சரிசெய்ய ஒரு மென்பொருளை எல்லாக் கடையிலும் ஏற்றினான். அது ராப்பகல் திறந்தே கிடந்தது. நான் கை வைக்காமலே அம்புக்குறி தானாக நகர்ந்து வேலை செய்வதை வாடிக்கையாளர்களிடம் காட்டிப் பீற்றிக்கொண்டவன் நான்தான். இண்டர்நெட் செலவு மிச்சம் என்று, வளாகம் முழுவதையும் ஒரே இணைப்பில் கோத்தும் விட்டான்.

இதில் மாட்டாமல் முரண்டு பிடித்தது பல்செட் அக்கா ஒருவர்தான்.

அக்கா அதிகம் பேசமாட்டார். விரலிடுக்கில் எப்போதும் வெள்ளை மாவுக் கறை இருக்கும். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் மாவு ஊற்றி வார்த்து, அதன்மேல் பல் கட்டுவது அவர் தொழில். மாவு அச்சு கைதவறினால் தூள்தான். அதனால் எதையும் இரண்டாக வார்த்து, ஒன்றை அலமாரியிலும் இன்னொன்றை வீட்டிலும் வைப்பார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தப் புத்தியை அவர் விடவில்லை. சர்வர் வைத்த பாஸ்வேர்டை மாற்றினார். வீட்டிலிருந்து நுழைகிற அந்த மென்பொருளை எடுத்துவிட்டார். இரண்டு டிரைவ் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிப் பிரதி எடுத்து, சனிக்கிழமை ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவார். மாதம் ஒருமுறை அதைத் தங்கையின் லேப்டாப்பில் செருகி, பழைய ஆர்டர் ஒன்று திறக்கிறதா என்று பார்ப்பார்.

அவருடைய பூதக்கண்ணாடிக்குப் புது லென்ஸ் போட்டுக் கொடுக்க நான் மேலே போயிருந்த ஒருநாள், சர்வர் கோபமாக வந்து நின்றான்.

“மேடம், நான் வெச்ச சாஃப்ட்வேர ஏன் எடுத்தீங்க? இனிமே பிரச்சினைன்னா நான் நேர்ல வந்தாதான் முடியும்.”

“நேர்ல வாங்க தம்பி. மாடிப்படி இருக்கு.”

“என்மேல நம்பிக்கை இல்லையா?”

“பல் டாக்டர் குடுக்கற அளவையே நான் ரெண்டு தடவ பாத்துட்டுதான் செய்யறேன். அவங்க யாரும் கோச்சுக்கறதில்ல.”

அப்புறம் அக்கா, மற்ற கடைகளில் பிரதி எடுக்கும் டிரைவை மெஷினுக்குப் பின்னாலேயே செருகி வைத்திருக்கிறானே, மெஷினுக்கு ஏதாவது ஆனால் அதற்கும் ஆகாதா என்று சாதாரணமாகக் கேட்டார். அது ஆட்டோமேட்டிக், கழற்றினால் ஓடாது என்றான் சர்வர். கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. படி இறங்கும்போது அவன், ‘டிரைவுக்குத் தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிறாங்க போல’ என்றான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வளாகம் முழுக்க எடுத்துப்போய்ப் பரப்பியவனும் நான்தான். தாலாட்டு அக்கா என்று கொஞ்ச நாள் பேர்கூட ஓடியது.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணி. பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவர் உடைந்த கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரே வருவது மாடா மனிதனா என்று தெரியாது. மதியம் பிள்ளைகளைத் திரும்ப ஏற்ற வேண்டும். அளவுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, அரை மணியில் லென்ஸ் வெட்டித் தருகிறேன் என்று உட்கார வைத்தேன்.

திரையில் எல்லா ஃபைலின் பெயருக்கும் பின்னால் ஏதோ வால் முளைத்திருந்தது. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒரே ஒரு கடிதம் மட்டும் திறந்தது. உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் இத்தனை நாளுக்குள் பணம் அனுப்புங்கள் என்று மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார்கள். பின்னால் செருகியிருந்த டிரைவைத் திறந்தேன். அதிலும் அதே வால், அதே கடிதம்.

நான் சர்வருக்கு ஃபோன் போடும்போதே மேலேயிருந்து லேப்காரர் என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. கூரியர், டிராவல்ஸ், ஜெராக்ஸ் என்று ஒவ்வொருவராக வராந்தாவுக்கு வந்தார்கள். எல்லார் முகத்திலும் ஒரே முழி.

லேப்காரர் நிலைமைதான் மோசம். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு மறுநாள் ஆபரேஷன். முதல்நாள் எடுத்த ரத்தத்தின் முடிவு முழுக்கப் பூட்டுக்குள். அவருக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியிருந்தது. பரிசோதனை மெஷின்கள் ஓடின, முடிவை எதில் எழுதிக் கொடுப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

சர்வர் பத்து மணிக்கு வந்தான். கரண்ட் ஏற்ற இறக்கம் என்றான் முதலில். எந்த ஊர் கரண்ட் கடிதம் எழுதும் என்று லேப்காரர் கேட்டார். உடனே, இது வெளிநாட்டு வைரஸ், நாடு நாடாகப் பரவிவிட்டது, பெரிய பெரிய கம்பெனியே படுத்துவிட்டது என்று கதை அளந்தான். எல்லாவற்றையும் ஃபார்மட் போட்டுப் புதிதாக ஏற்றிவிட்டால் மதியத்துக்குள் கடை ஓடும் என்றான். ‘உள்ள இருந்ததெல்லாம்?’ என்று கேட்டதற்கு, ‘அது போனது போனதுதான்’ என்றான். செடி வாடிவிட்டது, பிடுங்கிப் போட்டுவிடலாம் என்கிற மாதிரிச் சொன்னான்.

அக்காவிடமும் இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்று மாட்டியிருந்தது. ஒரே இணைப்பில் கோத்திருந்ததால் அதன் வழியே புகுந்திருக்கிறது. அவர் திரையைப் பார்த்ததும் யாருக்கும் ஃபோன் போடவில்லை. இரண்டிலிருந்தும் நெட் வயரைப் பிடுங்கினார். மாட்டியதை ஓரமாக வைத்தார். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எல்லா டாக்டர்களின் ஃபோன் நம்பரும் அதில் பெரிய எழுத்தில் இருந்தது. இன்றும் நாளையும் ஆர்டரை ஃபோனில் சொல்லுங்கள், என் பெயரில் மெயில் வந்தால் திறக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். இதற்கென்று அச்சடித்து வைத்திருந்த வெற்றுப் படிவங்களில் கையால் எழுத ஆரம்பித்தார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கீழே இறங்கினார்.

லேப் வாசலில் சர்வர் திருப்புளியோடு குனிந்திருந்தான். அக்கா அவனைத் தாண்டி உள்ளே போய் லேப்காரரிடம் பேசினார். நான் படியில் நின்று கேட்டேன்.

“வயர மட்டும் பிடுங்குங்க. டிஸ்க்கக் கழட்டி ஒரு கவர்ல போட்டு வைங்க. புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டு வேலையப் பாருங்க. பழசத் தொட விடாதீங்க. தெரிஞ்சவங்க யாராவது பாக்கட்டும்.”

“அதுல ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் போச்சு” என்றான் சர்வர்.

“போச்சுன்னா எடுத்து வைக்கறதுல என்ன நஷ்டம் தம்பி?”

லேப்காரர் எழுந்து தன் மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அவர் கைக்கு அக்கா ஒரு கட்டு வெற்றுப் படிவத்தைக் கொடுத்தார். தலைப்பை அடித்துவிட்டு ரத்த முடிவை அதில் கையால் எழுதிக் கொடுக்கலாம், டாக்டருக்கு வேண்டியது எண்கள்தானே என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் நகர ஆரம்பித்தார்கள்.

கீழே வந்து என்னிடமும் அதையே சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘அக்கா, சர்வருக்குத் தெரியாததா?’ என்றேன். வேன்காரர் வேறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார். லேப்காரரைத் தவிர மூன்று பேர் அவர் பேச்சைக் கேட்டார்கள். நானும் இன்னும் ஐந்து பேரும் சர்வர் பேச்சைக் கேட்டோம். பன்னிரண்டு மணிக்கு என் கம்ப்யூட்டர் அன்றைக்குப் பிறந்தது போலப் பளிச்சென்று இருந்தது. அதில் ஒரு மனிதரின் கண்ணும் இல்லை. வேன்காரரைப் பழையபடி நாற்காலியில் உட்கார வைத்து, எழுத்துப் பலகையை மாட்டி, அளவெடுத்துத்தான் லென்ஸ் வெட்டினேன். அது எப்போதும் என்னால் முடிகிற காரியம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் மதியம் அக்கா பழைய ஆர்டர்களையெல்லாம் வீட்டு டிரைவிலிருந்து எடுத்துப்போட்டு வேலையில் உட்கார்ந்துவிட்டார். போனது நான்கு நாள் ஆர்டர். அதுவும் டாக்டர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார். எங்களில் ஒருவரும் அவரிடம் போய் எப்படி என்று கேட்கவில்லை. தாலாட்டு என்று சிரித்த வாய்க்கு அவ்வளவு சீக்கிரம் கேட்க வருமா?

சர்வரும் சும்மா இருக்கவில்லை, புதன்கிழமை சாயந்தரமே ஆரம்பித்துவிட்டான். வைரஸ் வந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டதாக வராந்தாவில் அறிவித்தான். வந்தது கண்ணாடிக் கடை வழியாக. ஃபிரேம் தள்ளுபடி என்று வந்த ஒரு மெயிலை நான் அமுக்கினேனாம், அங்கிருந்துதான் எல்லாக் கடைக்கும் போனதாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு மெயில் வந்தது உண்மை. அதைத் திறந்ததும் உண்மை. ஆகவே நான் அதை நம்பிவிட்டேன். கூரியர்க்காரர் என்னோடு டீ குடிக்க வருவதை நிறுத்தினார். ஜெராக்ஸ்காரர், தான் கும்பிடுகிற சாமிகள் எல்லாம் என்னைப் பார்த்துக்கொள்ளும் என்றார். வீட்டில் என் மனைவி, ‘நீங்க எதையாவது அமுக்கியிருப்பீங்க. டிவி ரிமோட்டயே உங்களுக்கு அமுக்கத் தெரியாது’ என்றாள். இரண்டு நாள் நான் தலை குனிந்து நடந்தேன்.

லேப்காரருடைய அண்ணன் மகள் வேறு ஊரில் ஒரு பெரிய நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலையில் இருக்கிறாள். அவர் சொல்லி, வெள்ளிக்கிழமை வந்துவிட்டாள். கழற்றி வைத்திருந்த டிஸ்குகளைப் பார்த்தாள். லேப்பில் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து, ஒவ்வொருவரிடமும் எந்த நேரத்தில் என்ன பார்த்தோம் என்று கேட்டு எழுதினாள். என் மெயிலையும் கேட்டாள். என் ஃபோனில் திறந்து நீட்டினேன். படித்துவிட்டு, இது உண்மையான ஃபிரேம் கம்பெனி மெயில்தான் என்று திருப்பிக் கொடுத்தாள். அந்தத் தள்ளுபடி நிஜமாகவே இருந்திருக்கிறது. அதையும் நான் விட்டிருக்கிறேன். பிறகு சர்வரிடம், அவன் எல்லாக் கடைக்குள்ளும் நுழையப் பயன்படுத்தும் லேப்டாப்பைப் பார்க்க வேண்டும் என்றாள். சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறேன், வர ஒரு வாரம் ஆகும் என்றான். கம்ப்யூட்டர் சர்வீஸ்காரன் கம்ப்யூட்டரை யாரிடம் சர்வீஸுக்குக் கொடுப்பான் என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் அவன் மனைவி உள்ளே வந்தாள்.

அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தா. வேலை நடுவில் அனுமதி கேட்டு வந்திருக்கிறாள். கையில் சாப்பாட்டுப் பை. அதற்குள்ளிருந்து லேப்டாப்பை எடுத்து அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தாள்.

“இதத்தான கேட்டீங்க? சர்வீஸுக்கு எங்கயும் போகல. வீட்லதான் இருந்துச்சு.”

“நீ எதுக்கு இங்க வந்த?” என்றான் சர்வர்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. “மூணு வாரமா இவர் ஃபோன்ல மெசேஜ் வந்துக்கிட்டே இருந்துச்சு. யாரோ உங்க அக்கவுண்ட்ல நுழையறாங்க, நீங்கதானான்னு. என்னங்க இதுன்னு கேட்டேன். சும்மா வரும், தள்ளி விடுன்னாரு. நேத்து காலைல இதையும் அழிக்கப் போறேன்னு உக்காந்தாரு. பிடுங்கி ஒளிச்சு வெச்சேன். அழிச்சிட்டா பழி கண்ணாடிக்காரர் தலையிலயே நின்னுடும். அதான் எடுத்துட்டு வந்துட்டேன்.”

அவள் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். என்னைத் தாண்டும்போது லேசாகத் தலையசைத்தாள். அவளுக்கு நான் ஒரே ஒரு கண்ணாடிதான் விற்றிருக்கிறேன். அந்தக் காரியத்துக்கு அது காரணமாக இருக்க முடியாது. அவள் அப்படிப்பட்ட மனுஷி, அவ்வளவுதான்.

சர்வர் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணிடம், ‘இத சரி பண்ணிட முடியுமா மேடம்?’ என்று மெல்லக் கேட்டான். நாங்கள் இத்தனை வருஷமாக அவனிடம் இதைக் கேட்ட அதே குரல். எனக்குக்கூட ஒரு கணம் பாவமாக இருந்தது. நல்லவேளை, அவனே அதைக் கலைத்தான். நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய கம்பெனிகளுக்கே இப்படி நடக்கிறதே, நான் தனி ஆள் என்ன செய்வேன் என்று ஆரம்பித்தான்.

லேப்டாப் எல்லாவற்றையும் சொன்னது. பணம் கொடுத்து வாங்க வேண்டிய ஏதோ ஒரு கருவியை அவன் திருட்டுத்தளம் ஒன்றிலிருந்து இறக்கியிருக்கிறான். அதற்குள் ஒளிந்து வந்த வைரஸ், அவன் பிரவுசரில் சேமித்து வைத்திருந்த எல்லாப் பாஸ்வேர்டையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. புதிதாக யார் நுழைந்தாலும் ஃபோனுக்கு ஒரு எண் வந்து, அதைப் போட்டால்தான் திறக்கும் என்று ஒரு வசதி உண்டு. அதை அவன் அணைத்து வைத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் எண் போடச் சோம்பல். அவன் வீட்டிலிருந்து எங்கள் கடைகளுக்குள் வர வைத்திருந்த அந்த வழியாகவே திருடர்கள் நடந்து வந்து, மூன்று வாரம் ஆற அமரச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு புதன்கிழமை பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பைக் நம்பரை ஒருமுறை தெரிந்துகொண்டவர்களுக்கு மற்ற கடையெல்லாம் திறந்த வீடு.

இதையெல்லாம் அந்தப் பெண் கோபமில்லாமல் சொன்னாள். ஃபார்மட் போட்டவர்கள் யார் யார் என்று மட்டும் கேட்டாள். ஆறு பேர் கை தூக்கினோம், வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் மாதிரி. அவள் குறித்துக்கொண்டாள்.

அவள் ஏன் கேட்டாள் என்பது இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. அந்தப் பூட்டைச் செய்தவர்கள் அதில் ஏதோ தப்புப் பண்ணியிருந்தார்கள். அதை யாரோ கண்டுபிடித்து, திறக்கும் வழியை இலவசமாகவே வெளியிட்டுவிட்டார்கள். லேப்காரர் டிஸ்க் திறந்தது. அக்கா பேச்சைக் கேட்ட மற்ற மூவருடையதும் திறந்தது. திறப்பதற்கு எங்கள் ஆறு பேரிடம் ஒன்றும் இல்லை. எங்கள் ஃபைலை அழித்தது திருடன் இல்லை. நாங்களே பக்கத்தில் நின்று, டீ வாங்கிக் கொடுத்து, எங்கள் ஆளை வைத்து அழித்தோம்.

போனது என்ன என்று கேட்டால், வெறும் எண்கள் என்றுதான் அதுவரை நானும் சொல்லியிருப்பேன். ஒருநாள் ஒரு அப்பா தன் மகளோடு வந்தார். ஐந்து வயதிலிருந்து அந்தப் பெண்ணுக்கு நான்தான் கண்ணாடி போடுகிறேன். வருஷா வருஷம் பவர் ஏறிக்கொண்டே வந்தது. கண் டாக்டர், எந்த வருஷம் எவ்வளவு ஏறியது என்று பார்த்தால்தான் மருந்து போடுவதா வேண்டாமா என்று முடிவு பண்ண முடியும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பழைய சீட்டை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. கடையில்தான் இருக்குமே என்ற நம்பிக்கை. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றேன். அந்த அப்பா, ‘பரவால்ல சார், மெதுவா தேடிப் பாருங்க’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்பதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. அந்தக் குழந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தது. அதற்கு என் முகம் சரியாகத் தெரிந்திருக்காது. அந்த மட்டில் நிம்மதி.

அன்று சாயந்தரம் கடையை மூடுவதற்கு முன் மேலே போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏதோ ஒரு கடைவாய்ப் பல்லை உரசிக்கொண்டிருந்தார். எந்த டிரைவ் வாங்க வேண்டும், எப்போது கழற்ற வேண்டும், எதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பாஸ்வேர்டை மட்டும் பைக் நம்பராக வைக்காதீர்கள் என்றார். என்னிடம் பைக் இல்லை. இருந்தால் வைத்திருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சர்வருக்கு என்ன ஆனது என்றால், ஒன்றும் ஆகவில்லை. போலீஸில் புகார் கொடுத்தோம். அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். திருடியவன் எந்த மூலையில் இருக்கிறான் என்றே தெரியவில்லை. திருட்டுக்கு வழி விட்டவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்று அந்த அதிகாரி எங்களையே கேட்டார். பத்துக் கடைக்காரர்களும் அவனை நிறுத்தினோம். அக்கா மட்டும் அவனைக் கூப்பிட்டு, தன் பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டு போன ஒரு திருப்புளியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் அந்தப் பக்கமே அவன் தலை தென்படவில்லை. அவன் மனைவி கண்ணாடிக்கு மூக்குப்பட்டை மாற்ற வந்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். இருக்கிறோம் என்றாள். வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டாளாம். புதியதை அவனுக்கு இன்னும் சொல்லவில்லையாம்.

பிறகுதான் அந்த விசிட்டிங் கார்டு எங்கள் கைக்கு வந்தது. ஊரின் இன்னொரு கோடியில் கண்ணாடிக் கதவு போட்டு ஆபீஸ் திறந்திருக்கிறான். தடித்த அட்டை, தங்க எழுத்து. பெயருக்குக் கீழே ‘சைபர் பாதுகாப்பு ஆலோசகர்’. அதற்கும் கீழே, ‘பதினோரு நிறுவனங்கள்மீது நடந்த தாக்குதலை நேரடியாகக் கையாண்ட அனுபவம்’. லேப்காரர் அதை மூன்று தடவை படித்தார். இதில் எந்த வார்த்தை பொய் என்று விரல் வைத்துக் காட்டு பார்க்கலாம் என்று என்னிடம் நீட்டினார். என்னால் காட்ட முடியவில்லை.

போன வாரம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மருந்துக் கடைக்காரர் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தார். பேச்சுவாக்கில், கடைக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைக்கப் போவதாகச் சொல்லி, அதே கார்டை எடுத்துக் காட்டினார். உங்கள் வளாகத்தில்தான் இருந்தாராமே, ஆள் எப்படி என்று கேட்டார். நான் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு ஹேர்பின்னிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நடுவில் இரண்டு தடவை ‘அடப்பாவி’ என்றார். முடித்ததும் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

“நீங்க சொல்றது சரிதான் சார்” என்றார். “ஆனா ஆள் பேசறதப் பாத்தா நம்பிக்கையா இருக்கு.”